முள் தைத்த இடம் ஏன் சிவக்கிறது? அழற்சியும் அதற்கான மருந்துகளும்

வரப்பில் நடக்கும்போது காலில் கருவேல முள் தைத்துவிடுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டோம் என்று நினைத்தாலும் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிடுகிறது. மாலைக்குள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. இரவில் விண்விண்ணென்று தெறிக்கிறது. மறுநாள் காலையில் பாதம் வீங்கி, காலை ஊன்ற முடிவதில்லை. இரண்டொரு நாளில் நடுவில் வெள்ளையாகச் சீழ் கட்டி, பிறகு உடைந்து, முள்ளின் துணுக்கும் அதோடு வெளியேறிவிடுகிறது. வாரம் ஒன்று போனால் அங்கே ஒரு புள்ளித் தழும்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது. அந்த ஒரு வார காலத்தில் அங்கே நடந்த அனைத்துக்கும் மருத்துவம் வைத்திருக்கும் பெயர் அழற்சி.

'அழல்' என்றால் தீ. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லும், தீப்பற்றுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்தே வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானிய எழுத்தாளர் சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் இதன் அடையாளங்களாகக் குறித்துவைத்தார். உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போவது ஐந்தாவது அடையாளமாகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. காலை ஊன்ற முடியாமல் போனது அந்த ஐந்தாவதுதான்.

மேலே செல்வதற்கு முன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. செய்தித்தாள்களில் அழற்சியைப் பல நேரங்களில் 'வீக்கம்' என்றே எழுதிவிடுகிறார்கள். வீக்கம் அழற்சியின் ஓர் அடையாளமே தவிர அழற்சியே அன்று. இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருபது ஆண்டுகளாக அழற்சி இருந்தாலும் வெளியே எதுவும் வீங்கித் தெரிவதில்லை. இன்னொன்று, தொற்றும் அழற்சியும் ஒன்றே என்னும் எண்ணம். கிருமி உடலுக்குள் புகுவது தொற்று. அதற்கு உடல் காட்டும் எதிர்வினை அழற்சி. கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். வெயிலில் கன்றிச் சிவந்த தோலிலும், சுளுக்கிய கணுக்காலிலும் எந்தக் கிருமியும் கிடையாது.

முள் தைத்த இடத்தை நுண்ணோக்கியால் பார்க்க முடிந்தால் என்ன தெரியும்? தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்களை ஒட்டி, மாஸ்ட் செல்கள் எனப்படும் காவல் செல்கள் இருக்கின்றன. திசு கிழிந்ததும் அவை ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. உடனே நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதிக ரத்தம் பாய்வதால் அந்த இடம் சிவந்து சூடாகிறது. குழாயின் உட்சுவரில் அடுக்கிவைத்தாற்போல் இருக்கும் செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து திசுவில் தேங்குகிறது, அதுவே வீக்கம். புராஸ்டகிளாண்டின் என்னும் இன்னொரு வகைப் பொருள்கள் உருவாகி, வலியை உணரும் நரம்பு முனைகளை முன்பைவிடக் கூர்மையாக்குகின்றன. அதனால்தான், சாதாரணமாக உறைக்காத போர்வையின் உரசல்கூட அன்றிரவு வலிக்கிறது.

இதற்குள் அந்த இடத்திலிருக்கும், கிருமிகளையும் குப்பையையும் விழுங்கும் பெருவிழுங்கி செல்கள், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்களைச் சுரக்கத் தொடங்கியிருக்கும். சைட்டோகைன் என்பது ஒரு செல் மற்றொரு செல்லுக்கு அனுப்பும் செய்திப் புரதம். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இவற்றைச் சுற்றியே நகரப்போவதால் இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செய்தி கிடைத்ததும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாகத் தங்களை நெளித்துக்கொண்டு வெளியே வருகின்றன. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவை கிருமிகளை விழுங்கியும், கொல்லும் நொதிகளைக் கொட்டியும் போரிட்டுச் சாகின்றன. நாம் அருவருக்கும் சீழ் பெரும்பாலும் அந்த அணுக்களின் சடலங்களே.

இந்தக் காட்சியை முதன்முதலில் ஒரு முள்ளைக் கொண்டே ஒருவர் கண்டார் என்பது பொருத்தமான தற்செயல். 1882ஆம் ஆண்டின் இறுதியில், சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய உயிரியலாளர் எலீ மெச்னிகாவ், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, நகரும் செல்கள் எங்கிருந்தோ வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. அழற்சியை நோயின் அங்கமாகவே கருதிவந்த காலத்தில், அது உடலின் தற்காப்பு என்று அவர் வாதிட்டார். 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக்கிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அழற்சியைப் பற்றி அறிமுகநிலையில் எழுதுவோர் அது தொடங்குவதை விரிவாகச் சொல்லிவிட்டு, முடிவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நோய்கள் பிறக்கும் இடம் அந்த முடிவுதான் என்பதால் அங்கே சற்று நிற்க வேண்டும். எண்ணெய் தீர்ந்த விளக்கைப்போல அழற்சி தானாக அணைந்துவிடுகிறது என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. அப்படியன்று, உடல் அதை வேலை செய்து அணைக்கிறது. ஓரிரு நாளில் அதே பகுதியிலுள்ள செல்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களை விட்டுவிட்டு, அதை நிறுத்தும் பொருள்களை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. புதிய நியூட்ரோஃபில்களின் வரத்து நிற்கிறது. பெருவிழுங்கிகள் செத்த அணுக்களை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. பிறகு திசுவைச் சீரமைக்கும்படி பிற செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. 2000ஆம் ஆண்டையொட்டி பாஸ்டன் நகரில் சார்லஸ் செர்ஹானின் குழுவினர், ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல் தயாரிக்கும் இத்தகைய நிறுத்துபொருள்களைக் கண்டறிந்து 'ரிசால்வின்' என்று பெயரிட்டார்கள். இதை வைத்து மீன் எண்ணெய் மாத்திரைகளை விற்பது வேறு விஷயம். உடல் ஒரு பொருளைத் தயாரிக்கிறது என்பதும், அதன் மூலப்பொருளை விழுங்கினால் நோய் தீரும் என்பதும் ஒன்றல்ல.

அணைக்கும் வேலை நடக்காமல் போனால் அழற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. முள் உள்ளேயே கிடந்தால் புண் ஆறாது என்பதுபோல, தூண்டும் காரணம் நீங்காமல் இருப்பது இதற்கு முதற்காரணம். புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயில் ஒவ்வொரு நாளும் புதிய முள் தைக்கிறது. கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரலில் தங்கிய சிலிக்காத் தூளைப் பெருவிழுங்கியால் விழுங்க முடியும், செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்து, தூள் மீண்டும் வெளியே வந்து அடுத்த செல்லைக் கொல்கிறது. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரலில் பல்லாண்டு தங்கி, அழிவும் சீரமைப்பும் மாறிமாறி நடந்து, தழும்பேறிய கல்லீரலில் கடைசியில் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடுகின்றன.

இத்தகைய நோய்களில் அழற்சியை அடக்குவதைவிட முள்ளைப் பிடுங்குவதே மருந்து. இரைப்பைப் புண்ணின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கவலையும் காரமும் அமிலமும்தான் காரணம் என்று நம்பப்பட்ட அந்த நோயில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இரைப்பையின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சியை ஏற்படுத்துகிறது என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கூறினார்கள். எவரும் எளிதில் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இன்று இரண்டு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சாப்பிட்டால், முன்பு ஆயுள் முழுவதும் தொடர்ந்த நோய் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

முள்ளே இல்லாத இடத்தில் முள் இருப்பதாக உடல் நம்பிவிடுவது இரண்டாவது வகை. முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுகளின் உள்ளுறையைப் பகையென்று கருதித் தாக்குகிறது. காகிதம்போல் மெல்லியதாக இருக்க வேண்டிய அந்த உறை தடித்து, களைபோல் படர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. தேய்மானத்தால் வரும் முழங்கால் வலியையும் இதையும் மக்கள் பொதுவாக 'வாதம்' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறைவது பெரும்பாலும் தேய்மான வலி. காலையில் எழுந்ததும் இரண்டு கைவிரல்களும் விறைத்து, பால் பாக்கெட்டைக் கிழிக்கவோ சட்டைப் பொத்தானைப் போடவோ முடியாமல், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பிறகே விரல்கள் இளகுகின்றன என்றால் அது அழற்சியின் அடையாளம். சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காப்பாற்றலாம். அதனால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது வீண்போகாது.

மூன்றாவது இடம், எந்த அடையாளமும் இல்லாமல் அழற்சி ஒளிந்திருக்கும் ரத்தக்குழாய்ச் சுவர். குழாய்க்குள் பாசிபோல் கொழுப்பு படிந்து, நாளடைவில் அடைத்துக்கொள்வதே மாரடைப்பு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கொழுப்பு படிவது குழாயின் உள்ளே அன்று, சுவருக்குள்ளே. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்கள் சுவருக்குள் நுழைந்து சிதைவுறும்போது, பெருவிழுங்கிகள் அவற்றைக் குப்பையென்று கருதி வந்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி, நுரைகட்டியதுபோல் உப்பி, அங்கேயே செத்துக் கொழகொழப்பான ஒரு மையத்தை உண்டாக்குகின்றன. அதன்மேல் நார்த்திசு ஒரு மூடியைப்போல் வளர்கிறது. அழற்சி தொடர்ந்தால் அந்த மூடியை நொதிகள் அரித்து மெலிதாக்குகின்றன. ஒருநாள் அது கிழிகிறது. கொழகொழப்பான பொருள் ரத்தத்தைத் தொட்டதும் அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. மாதம் ஒருமுறை நெஞ்சுவலிகூட வராத ஒருவர் திடீரென்று சரிவது இதனால்தான். அவருடைய குழாய் முந்தின நாள்வரை பாதிகூட அடைபடாமல் இருந்திருக்கலாம். 1999இல் ரஸ்ஸல் ராஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இந்நோயை அழற்சி நோய் என்றே வெளிப்படையாக அழைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ஷோ என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதைச் சொல்லியிருந்தார்.

ஒளிந்திருக்கும் அழற்சியை எப்படி அறிவது? ஆய்வகத்தில் சி.ஆர்.பி. என்று எழுதித் தரும் ரத்தப் பரிசோதனை ஒரு வழி. இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைனின் செய்தியைக் கேட்டுக் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் காணப்பட்டது. கடுமையான தொற்று வந்தால் இரண்டு நாளுக்குள் நூறு மடங்குக்கு மேலும் ஏறும். நுட்பமாக அளக்கும் வகைப் பரிசோதனையில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு என்றும், 3 மி.கி.க்கு மேல் இருந்தால் கூடுதல் என்றும் கொள்வது வழக்கம். ஆனால் சளியோ பல் ஈறு வீக்கமோ இருக்கும் வாரத்தில் எடுத்தால் இந்த எண்ணுக்கு இதயத்தைப் பொறுத்தவரை பொருளே இல்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதையும் சேர்த்துவிட்டு, சற்றே ஏறிய எண்ணைச் சிவப்பு மையில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். சி.ஆர்.பி. புகை எங்கோ எழுகிறது என்று சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது.

இனி மருந்துகள். இவற்றின் வரலாறு முழுவதிலும் ஒரே சிக்கல் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது: அழற்சி நமக்குத் தேவையானது. அதை அடக்கும் எந்த மருந்தும் கொஞ்சமேனும் காவலையும் அடக்குகிறது.

ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971இல்தான் தெரிந்தது. புராஸ்டகிளாண்டினை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது என்று லண்டனில் ஜான் வேன் காட்டினார். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய வலி மாத்திரைகள் அனைத்தும் இந்த வழியைச் சேர்ந்தவையே. அதே புராஸ்டகிளாண்டின்கள் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் உண்டு. எனவே மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் கடையிலேயே மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வருவதில் வியப்பில்லை. மேலும், இவை வலியையும் வீக்கத்தையும் குறைக்குமே தவிர முடக்குவாதத்தில் எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்துவதில்லை.

அடுத்து வந்தது ஸ்டீராய்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், மஞ்சள் காமாலை வந்த முடக்குவாத நோயாளிகளுக்கும் கருவுற்ற நோயாளிகளுக்கும் மூட்டுவலி தானாகத் தணிவதை 1929 முதலே கவனித்துவந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று ஊகித்தார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசோனை ஊசிவழி செலுத்தினார். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் நடந்து கடைவீதிக்குப் போய்வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹென்ச்சுக்கும் எட்வர்ட் கெண்டலுக்கும் ததேயஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே மறுபக்கமும் தெரிந்துவிட்டது: உப்பிய முகம், நொறுங்கும் எலும்பு, ஏறும் சர்க்கரை, எளிதில் தொற்றும் கிருமிகள், மனநிலைக் குழப்பம். ஸ்டீராய்டு, அழற்சி சார்ந்த நூற்றுக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தை ஒரே நேரத்தில் குறைக்கிறது. ஓர் அறையில் விளக்கை அணைக்கப்போய் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துவதுபோல.

இது எப்போது உயிர் காக்கும், எப்போது கெடுக்கும் என்பதைக் கொரோனாக் காலத்தைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டியதில்லை. பலரைக் கொன்றது வைரஸ் பெருகிய முதல் வாரம் அன்று; வைரஸ் குறையத் தொடங்கிய பின்னும் அடங்காத அழற்சி நுரையீரலை நிறைத்த இரண்டாவது வாரம். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மி.கி. வீதம் பத்து நாள்வரை கொடுத்ததன் முடிவை வெளியிட்டது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 41 பேர். இந்த மருந்துடன் 29 பேர். ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு இதனால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. அவர்களிடையே இறப்பு சற்றுக் கூடியிருக்கவும் வாய்ப்பு தென்பட்டது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நோய், நாள்தான் வேறு. அந்த வேறுபாடு கவனிக்கப்படாமல் 2021இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் காய்ச்சல் தொடங்கிய அன்றே பலர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயும் கட்டுக்கடங்காத ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. 40,000க்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் பதிவாயிற்று. கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காக்க முடிந்தது என்ற நிலை பலருக்கு.

இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா நோயாளிகள் இன்ஹேலரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதில் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில், அழற்சி இருக்கும் மூச்சுக்குழாய்க்கே நேராகச் செல்கிறது. உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும். அஞ்ச வேண்டியது, 'மூட்டுவலி பஞ்சாய்ப் பறக்கும்' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் பொடிகளுக்கு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டதுண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; உடலின் சொந்தச் சுரப்பி அதற்குள் உறங்கிப்போயிருக்கும்.

முடக்குவாதத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கென்று பிறந்து, மிகக் குறைந்த அளவில் மூட்டுக்கு வந்தது. இதைப் பற்றி ஒரே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டியது என்று தவறாக எண்ணி, வாய்ப்புண்ணும் ரத்த அணுக்குறைவும் வந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவைப்பது எளிய பாதுகாப்பு.

ஸ்டீராய்டுபோல் அனைத்தையும் அணைக்காமல் ஒரேயொரு செய்திப் புரதத்தை மட்டும் தடுக்க முடியாதா? லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் இந்தக் கேள்வியை எழுப்பியபோது, ஒன்றைத் தடுத்தால் அதன் வேலையை மற்றொன்று செய்துவிடும் என்றே பலர் கருதினார்கள். ஆனால் நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃப்.பைத் தடுத்தபோது மற்றச் சைட்டோகைன்களும் அடங்குவதை அவர்கள் கண்டார்கள். வரிசையின் தலையில் நின்றது அதுதான். 1992இல் டி.என்.எஃப்.புக்கு எதிரான இன்ஃப்ளிக்சிமாப் என்னும் எதிர்ப்புரதத்தைச் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். பலன் நாள்கணக்கில் தெரிந்தது. இன்று முடக்குவாதம், சொரியாசிஸ், முதுகெலும்பு இறுக்க நோய், குரோன் என்னும் குடலழற்சி நோய் ஆகியவற்றுக்கு இவ்வகை ஊசிகள் வழக்கமான மருந்துகள். விலைதான் எட்டாக்கனியாக இருந்தது; 2014 டிசம்பரில், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் அடாலிமுமாப் என்னும் மருந்துக்கு ஈடாக வேலை செய்யும் நிகர்வடிவை உலகிலேயே முதலாக இந்திய நிறுவனம் ஒன்று சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அது ஓரளவு இறங்கியது.

இங்கும் காவலின் விலையைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. நம் நாட்டில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி சிறிய கட்டிகளுக்குள் அடைபட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டி நிறுத்திவைப்பது டி.என்.எஃப். அதைத் தடுத்தால் சுவர் இடிந்து கிருமி வெளியே வருகிறது. இன்ஃப்ளிக்சிமாப் எடுத்துக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் வெளியான ஓர் அறிக்கை காட்டியது. அதனால்தான் இந்த ஊசிக்கு முன் மார்புப் படமும் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். அது மருத்துவமனையின் வீண் செலவு என்று நினைத்துத் தவிர்க்கக் கூடாது.

மாரடைப்புக்கு வருவோம். குழாய்ச் சுவரிலுள்ள அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்பதை எப்படிச் சோதிப்பது? கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் சி.ஆர்.பி.யையும் குறைப்பதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தொடும் மருந்து வேண்டியிருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் தலைமையில் நடந்த 'கான்டோஸ்' ஆய்வு, ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சி.ஆர்.பி. ஏறியிருந்த 10,061 பேருக்கு, இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் கனாகினுமாப் ஊசியையோ போலி ஊசியையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்திப் பார்த்தது. 2017இல் முடிவு வந்தது. கொழுப்பின் அளவு மாறவில்லை, 150 மி.கி. ஊசி பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. விர்ஷோவின் ஊகம் மனிதர்களில் மெய்ப்பிக்கப்பட்ட நாள் அது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பில் வேறுபாடு இல்லாமல் போயிற்று. இதயத்துக்கான மருந்தாக அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. மறு ஆண்டில், மெத்தோட்ரெக்ஸேட்டை வைத்து நடந்த ஆய்வு எந்தப் பலனையும் காட்டவில்லை. அழற்சி என்று பொதுவாகச் சொல்லி எதையாவது கொடுத்தால் போதாது, எந்தக் கிளையைத் தொடுகிறோம் என்பது முக்கியம் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் விளங்கிக்கொள்ளலாம்.

'அழற்சி எதிர்ப்பு உணவு' என்று இன்று விற்கப்படுபவற்றையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மஞ்சளின் குர்க்குமின் ஆய்வகக் குடுவையில் அழற்சியை அடக்குவது உண்மை. குடலிலிருந்து ரத்தத்துக்கு அது மிகச் சொற்பமாகவே ஏறுகிறது என்பதும் உண்மை. குழம்பில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத் திசு தானே சைட்டோகைன் சுரக்கிறது என்பது 1990களிலிருந்து தெரிந்த செய்தி. இடுப்பளவைக் குறைப்பது, புகையை விடுவது, ஈறு நோய்க்குப் பல் மருத்துவரைப் பார்ப்பது ஆகியவை முள்ளைப் பிடுங்கும் வேலையைச் சேர்ந்தவை. இவற்றை விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான்.

கான்டோஸ் திறந்துவிட்ட வழியில், விலையுயர்ந்த ஊசிக்குப் பதிலாக ஒரு பழைய மாத்திரை இப்போது வந்து நிற்கிறது. யூரிக் அமிலம் கால் பெருவிரல் மூட்டில் ஊசிபோன்ற படிகங்களாக உறைந்து, நள்ளிரவில் விளக்குப்போட்டு எழுந்து உட்காரவைக்கும் கௌட் என்னும் நோய்க்குத் தரப்படும் கால்ச்சிசின்தான் அது. அந்தப் படிகங்களும் கொழுப்புப் படிகங்களும் பெருவிழுங்கிக்குள் ஒரே எச்சரிக்கைப் பொறியைத் தட்டி இன்டர்லூக்கின்-1ஐ வெளியிடவைக்கின்றன. கால்ச்சிசின் செல்லின் உட்சட்டகத்தைக் குலைத்து அந்தப் பொறியையும், நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தையும் மந்தமாக்குகிறது.

இந்த மருந்தின் மூலப்பொருள் நம் ஊரில் விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விவசாயிகளின் பேச்சில் கண்வலிக்கிழங்கு. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் கம்பிப் பந்தலில் இதை ஏற்றி, பூக்கும் பருவத்தில் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய் காய்ந்து வெடிக்கும்போது செம்மஞ்சள் விதைகள் தெரியும். அவை கால்ச்சிசின் பிரித்தெடுப்பதற்காக ஏற்றுமதியாகின்றன.

நாளொன்றுக்கு 0.5 மி.கி. என்னும் சிறு அளவில் இதை மாரடைப்பு வந்த 4,745 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 'கால்காட்' ஆய்வு, 2019இல், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதய நிகழ்வுகள் நூற்றுக்கு 7.1 பேரிலிருந்து 5.5 பேராகக் குறைந்ததைக் காட்டியது. மறு ஆண்டில் நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் அவை 31 சதவீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை இதய நோய்க்கு அனுமதித்தது. பிறகு 2024இன் இறுதியில், மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த 'கிளியர்' ஆய்வு வெளியானது. மருந்து பெற்றவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 9.3 சதவீதத்தினருக்கும் இதய நிகழ்வுகள் நேர்ந்திருந்தன. வேறுபாடு இல்லை. எனவே இதய மருத்துவர்களிடையே கருத்து இப்போது பிளவுபட்டிருக்கிறது. மாரடைப்பு வந்த உடனேயே கொடுப்பதும், நோய் நிலைத்த பிறகு கொடுப்பதும் வேறுவேறு பலன் தருமா என்பதும், சி.ஆர்.பி. ஏறியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்பதும் இனி விடை காண வேண்டிய கேள்விகள்.

சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை என்பதற்காக எவரும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். கால்ச்சிசினில் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் தேங்கும். தொண்டைப் புண்ணுக்கு எழுதித் தரப்படும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறும். கிழங்கைத் தின்றவருக்கு முதல் நாளில் வாந்தியும் பேதியும் வந்து, அது அடங்கியதுபோல் தோன்றும் இரண்டாம், மூன்றாம் நாளில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. அதற்கு நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை.